சட்டைக்குள் இருந்த பந்து

2024ஆம் ஆண்டு நவம்பர் ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. காலையிலிருந்தே வானம் அரிசி களைந்த தண்ணீரைப் போல வெளுத்துக் கிடந்தது. வடகிழக்குக் காற்று விட்டு விட்டு வீசியது. பிற்பகலில் இடியும் மின்னலும் இல்லாமல், சத்தமே போடாமல் மழை இறங்கியது. லால்குடிப் பள்ளித் திடலில் அப்போது பெண்கள் பூப்பந்தாட்டத்தின் கடைசிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பொன்மலைக்கும் மணப்பாறைக்கும் ஆளுக்கோர் ஆட்டம் ஆகி, மூன்றாம் ஆட்டத்தில் இரு பக்கமும் முப்பத்துநான்கு என்று நின்றபோது நடுவர் நாகூர் மீரான் ஊதலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். முப்பத்தைந்தை முதலில் தொடுகிறவர்க்குக் கோப்பை. ஒரே ஒரு புள்ளிக்காக இரண்டு ஊர்ப் பெண்களும் தகரக் கொட்டகையின் கீழே ஒண்டி நின்று மழையைப் பார்த்தார்கள். பொன்மலையின் பயிற்சியாளர் சந்தியாகு மட்டும் மழையைப் பார்க்கவில்லை. அவர் கொட்டகையின் கடைக்கோடியில், உடைந்த பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்து, சட்டைக்கும் பனியனுக்கும் நடுவே ஆட்டப்பந்தை வைத்து, அதன்மேல் இடக்கையைப் பொத்திக்கொண்டிருந்தார். அந்த வட்டாரத்துப் பழக்கம் அது. கம்பளி நூலால் ஆன பந்து. புதுப்பந்து ஒரு மாதிரிப் பறக்கும், ஆடி ஆடி மயிர் சிலிர்த்த பந்து வேறு மாதிரிப் பறக்கும். ஆகவே பாதியில் நின்ற ஆட்டம் அதே பந்தில்தான் முடிய வேண்டும், மழை விடும்வரை இருப்பவர்களில் மூத்த ஆட்டக்காரர் அதை உடற்சூட்டில் வைத்துக் காக்க வேண்டும். மீரான் பந்தை அவர் கையில் வைத்தபோது அது மரியாதையாகத்தான் இருந்தது. அடுத்துச் சொன்னதுதான் இடியாக இறங்கியது. பின்கோட்டில் பந்து உள்ளா வெளியா என்று கை காட்ட நின்ற இளைஞர், களத்தில் கிடக்கும் நெல் நனைகிறதென்று வீட்டிலிருந்து அழைப்பு வந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். "ஒரு புள்ளிதானேண்ணே, உங்க பிள்ளைங்க பக்கத்துப் பின்கோட்டுல நீங்களே நின்னுடுங்க" என்றார் மீரான். எதிரணியின் பயிற்சியாளர் பவுனம்மாள் டீச்சர் மறுப்பார் என்று சந்தியாகு ஒரு கணம் நம்பினார். அந்த அம்மாளோ ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "சந்தியாகு சார் நின்னா எனக்கென்ன? பெத்த பொண்ணுக்கே அவுட்டுக் குடுத்த மனுஷனாச்சே" என்று சிரித்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நல்ல பெயர் சம்பாதித்து வைத்தால் அது ஒருநாள் இப்படிக் கழுத்தைப் பிடிக்கும் என்று எவரும் சொல்லித் தரவில்லை.

பந்து வயிற்றின்மேல் ஒரு சிறு உயிரைப் போலக் கிடந்தது. அதை அவர் பார்க்கத் தேவையில்லை; தொட்டாலே போதும். பார்ப்பதென்றால்தான் தொல்லை. எதிரே ஒரு தூண் இருந்தது. தூணை நோக்கினார், தூண் இல்லை. தூணுக்கு இடப்பக்கத்து வெறுமையை நோக்கினார், தூண் வந்து ஓரத்தில் ஒதுங்கி நின்றது. ஒன்றரை ஆண்டாக உலகம் இப்படித்தான் அவரோடு விளையாடுகிறது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது, ஓரம் நிற்கும், நடு நிற்காது, கண்ணாடி போட்டாலும் பயனில்லை என்று மருத்துவர் சொன்னார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்றும் கேட்டார். வெளியே இருக்கிறார்கள் என்று சந்தியாகு பொய் சொன்னார். வெளியே நாற்காலிகள்தாம் இருந்தன. அன்றுமுதல் எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்காமலிருக்கப் பழகிக்கொண்டார். கோயிலில் பூசை வைக்கும் சாமியாருக்குத் தலையில்லை. மெழுகுவத்தியை நோக்கினால் தலை வருகிறது. பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க அதன் சக்கரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. தேநீர் வடிக்கும்போது டம்ளருக்குள் விரலை விட்டுச் சூடு ஏறும் அளவைக் கணக்கிடுகிறார். ஆடுகளத்தில் மட்டும் எவருக்கும் ஐயம் எழவில்லை, ஏனென்றால் பெண்களின் முகம் அவருக்கு வேண்டியதில்லை. ஓட்டத்தின் தாளத்தில் இன்னாள் என்று தெரியும், மட்டையின் நரம்பில் பந்து பட்ட ஒலியில் அடி சரியா தப்பா என்று தெரியும், உலர்ந்த செம்மண்ணில் பந்து விழும் 'தொப்'பில் உள்ளா வெளியா என்றுகூட ஒருவாறு தெரியும். நனைந்த மண் ஒலிக்காது. அதுதான். நனைந்த மண்ணில் கம்பளிப் பந்து, பஞ்சு மெத்தையில் பூனை இறங்குவதைப் போல இறங்கும். காது போயிற்று. இனிக் கண்தான். இல்லாத கண். கையடியில் பந்து வெதுவெதுப்பாக இருந்தது, வெதுவெதுப்பா, ஈரமா? உள்ளங்கை வியர்த்திருந்தது. குளிர்காற்று அடிக்கிறது, வயிற்றில் வியர்வை ஓடுகிறது. கம்பளி தண்ணீரைக் கண்டால் விடாது. குடித்த பந்து கனக்கும். கனத்த பந்து போக வேண்டிய தூரம் போகாது. எடுத்து வெளியே வைக்கலாம். வைத்தால் சாரல். உள்ளே வைத்தால் வியர்வை. வியர்க்காமல் இருந்தால் போதும். வியர்க்கக் கூடாது என்று நினைத்ததுமே கழுத்தடியிலிருந்து ஒரு கோடு புறப்பட்டு முதுகெலும்பின் வழியே இறங்கியது.

தெரிந்துவிட்டால் ஓசூர். எண்ணம் எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் போய் முட்டிக்கொண்டது. மகள் ரோஸியின் பேறுகாலத்துக்கென்று மூன்று மாதத்துக்கு அங்கே போன மனைவி செலின் நான்கு ஆண்டாகத் திரும்பவில்லை; சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை; குழந்தைக்குப் பால் மறக்கடிக்க ஆறு மாதம், ரோஸி வேலைக்குத் திரும்ப ஓராண்டு, பள்ளியில் சேர்க்க இன்னுமோர் ஆண்டு என்று ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் நீண்டது. நீயும் வந்துவிடேன் என்று அவளும் சொல்லாமலில்லை. இந்தப் பருவம் முடியட்டும் என்றார் அவர். பூப்பந்தாட்டத்தில் பருவம் முடிவதே இல்லை. மாலை ஏழு மணிக்கு அவள் அழைப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு இத்தனை ஆண்டு அவர் மட்டையோடு அலைந்ததைப் பொறுத்தவள், இன்றுவரை ஆட்டத்தின் விதி ஒன்றுகூடத் தெரியாதவள், முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பாள்: "இன்னைக்கி யாரு ஜெயிச்சா?" யாராவது ஜெயித்திருப்பார்கள், அவர் சொல்வார், அதற்குப்பின் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா. அவள் முகத்தை நிழற்படத்தில் நோக்கினால் முகம் இருக்கும் இடத்தில் சாம்பல் நிறமாக ஒன்று கலங்குகிறது. காதிலிருக்கும் கம்மலை நோக்கினால் முகம் மெல்லக் கூடிவருகிறது, ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்காமல் வேறு எவரையோ பார்த்துச் சிரிப்பதுபோல. ஓசூரில் நான்காம் மாடி. கீழே இறங்கினால் கார்கள் நிற்கும் கூடம். அங்கே பந்து போட முடியாது. கண் தெரியாதவனை யார் தனியே விடுவார்கள்? ரோஸி அன்றே வண்டி வைத்துக்கொண்டு வந்துவிடுவாள். அவள் கெட்டிக்காரி, ஒருமுறை முடிவெடுத்தால் எடுத்ததுதான். பன்னிரண்டு வயதில், பவுனம்மாள் இன்றும் சொல்லிச் சிரிக்கிற அந்த ஆட்டத்தில், கோட்டுக்கு ஒரு விரல் வெளியே அவள் அடித்த பந்துக்குத் தகப்பனே கையை அகல விரித்து 'அவுட்' காட்டியபோது, அவள் அழவில்லை. மட்டையைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு தொடவேயில்லை. அன்று பந்து வெளியேதான் விழுந்தது. அன்று அவருக்குக் கண் இருந்தது. கண் இருந்ததனால் மகளை இழந்தார் என்று சொல்லலாமா? இழந்தார் என்பது பெரிய சொல். அவள் மருந்து வாங்க மறக்காமல் பணம் அனுப்புகிறாள். பண்டிகைக்குச் சட்டை அனுப்புகிறாள். இப்போது போட்டிருப்பதும் அவள் அனுப்பிய சட்டைதான். வெள்ளை. பந்தின் மஞ்சள் ஒட்டிக்கொண்டால் போகாது.

மஞ்சள் போகவே போகாது. அது அவருக்கு எட்டு வயதிலேயே தெரியும். ரயில் பணிமனைக் குடியிருப்பில் பெரியவர்கள் ஆடும் களத்துக்குள் பிள்ளைகளை விட மாட்டார்கள். ஆகவே அவனும் இன்னும் மூன்று பேரும் அப்பாவின் குளிர்காலக் கழுத்துத்துணியைப் பிரித்து, நூலை ஒரு தக்கையின்மேல் விரல் நோகச் சுற்றி, அம்மாவின் அஞ்சறைப்பெட்டியிலிருந்து மஞ்சள்பொடி எடுத்துக் கரைத்துத் தோய்த்துப் பந்து செய்தார்கள். அசல் பந்தைப் போலவே இருந்தது, வெயிலில் மின்னியது. அப்பா கழுத்துத்துணியைத் தேடியபோது எவனும் வாய் திறக்கவில்லை. அம்மா சட்டையைக் கழற்றச் சொன்னாள். வயிற்றில் மஞ்சள் வட்டம். அடி விழுந்தது. அடிவாங்கும்போதும் பந்து எங்கே என்று அவன் சொல்லவில்லை; அது கூரை ஓட்டிடுக்கில் இருந்தது. அந்தப் பந்தை அவன் அடித்த அடி! வருகிற பந்தையெல்லாம் அடித்தான்; இளைஞனாகி மண்டலப் போட்டிவரை போனபோதும் வருகிறதையெல்லாம் அடித்தான்; வெளியே போயிருக்க வேண்டிய பந்தைத் துரத்திப்போய் அடித்து, வலையில் மாட்டி, கோப்பையை விட்டான். அந்த ஒரு பந்துதான் அவரைப் பயிற்சியாளராக்கியது என்று சொன்னால் மிகையாகாது. அடிக்க யாருக்கும் சொல்லிக்கொடுக்கலாம். விடுவதற்குச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. பந்து தலைக்குமேல் போகிறது, கை பரபரக்கிறது, எட்டிவிடும் தூரம்தான், ஆனால் அது வெளியே விழும் என்று உயரமும் வேகமும் சொல்கின்றன, அப்போது மட்டையைத் தாழ்த்திக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். எத்தனையோ பேருக்குச் சொன்னார். கையெழுத்துப் போலப் படிந்தது தஸ்லிமாவுக்குத்தான். பின்வரிசையில் நிற்கும் ஒல்லிப் பெண், பேச்சே இல்லை, அவள் மட்டையைத் தாழ்த்தினால் பந்து வெளியே என்று எதிரணியே மூச்சு விட்டுவிடும். அவள் விடும்போது அவர் அவளைத்தான் கவனிப்பார், பந்தை அல்ல. இப்போது அவளும் கொட்டகையில்தான் எங்கோ இருக்கிறாள். ஐந்து பெண்களும் ஒரே வெள்ளைத் திட்டாக இருந்தார்கள். அவர்களில் ஒரு திட்டு பிரிந்து அவரை நோக்கி வந்தது, இடக்காலைச் சற்று இழுத்து வைக்கும் நடை, அணித்தலைவி இன்பரசி.

அவள் தேநீர் கொண்டுவந்திருந்தாள். அதை அவர் கையில் கொடுக்காமல், கையைப் பிடித்து விரல்களைக் குவளையைச் சுற்றி வைத்தாள். இந்தப் பெண்ணுக்குத் தெரியுமோ? தெரிந்திருக்காது, குளிரில் கை நடுங்குகிறதென்று நினைத்திருப்பாள். முழங்கால் வலிக்கிறது, நிற்க முடியாது, வேறு யாரையாவது போடச் சொல் என்று அவளிடம் சொல்லிவிடலாம், வாய்வரை வந்தது. அந்த முழங்காலோடுதான் காலையில் அவர்களுக்கு முன்னால் திடலைச் சுற்றி ஓடினார். பொய் சொல்வதானால் முன்கூட்டியே நொண்டியிருக்க வேண்டும். இன்பரசி பேச்சுக்குப் பேச்சு சிரிக்கிறவள், இன்று சிரிக்கவில்லை. பந்து சூடாக இருக்கிறதா என்று கேட்டாள். முட்டை வைத்த கோழியிடம் கேட்கிற கேள்வி என்றார் அவர். பின்னால் எவளோ, குஞ்சு பொரிந்தால் மணப்பாறைக்குக் கொடுக்காதீர்கள் மாஸ்டர் என்றாள், கொட்டகை சிரித்தது. அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் தகரத்தின்மேல் மழையின் ஒலி மெலிந்து, சொட்டாகி, நின்றது. நிற்காமலே இருந்திருக்கலாம். இருட்டும்வரை பெய்திருந்தால் போட்டி மறுவாரத்துக்குப் போயிருக்கும். திடலில் மணல் தூவினார்கள். முளைகளுக்கிடையே கயிறு கட்டிப் புதிதாகச் சுண்ணாம்புத் தூளால் கோடு இழுத்தார்கள். மீரான் கை நீட்டினார். சட்டைக்குள்ளிருந்து பந்தை எடுக்கும்போது அதன் அடிப்பக்கம் விரலில் ஒட்டியதைச் சந்தியாகு உணர்ந்தார். ஈரம். கொஞ்சம்தான். சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் ஈரம் என்பார்கள். இந்தக் குளிரில் ஏன் வியர்த்தது என்பார்கள். மீரான் பந்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துத் தலையசைத்துவிட்டார். நாகூர் மீரானின் கைக்கே தெரியவில்லையென்றால் அது ஈரமே இல்லை. அப்படித்தான் தமக்குச் சொல்லிக்கொண்டு அவர் பின்கோட்டின் மூலைக்கு நடந்தார்.

கோட்டை நோக்கினார், கோடு இல்லை. இது அவர் எதிர்பார்த்ததுதான். கோட்டின் நேர் எதிரே, திடலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் நின்றது. அதற்கும் அப்பால் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியை நோக்கியபோது, விழியின் தாழ்வாரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று நனைந்த நூலைப் போல நெளிந்து வந்து நேரானது. அசையக் கூடாது. எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள், தொட்டியைப் பார்க்கும் கிழவனை யார் பார்க்கப்போகிறார்கள்? பந்தைப் பார், பந்தைப் பார், பந்திலிருந்து கண்ணை எடுக்காதே என்று நாற்பது ஆண்டு கத்தியவர் அவர். மணப்பாறையின் சர்வீஸ். நரம்பு ஒலித்தது, நல்ல அடி. இன்பரசியின் எதிரடி. மறுபடி அங்கிருந்து. இடப்பக்கம், வலப்பக்கம், வலையோரம், ஓர் ஓட்டம், ஒரு மூச்சு. பிறகு எதிரணியின் மட்டையிலிருந்து ஓங்கி எழுந்த ஒலி. உயரப் பந்து. அந்த ஒலிக்கு அந்த உயரத்துக்கு அது கோட்டைத் தாண்டி ஒரு சாண் போக வேண்டும். தஸ்லிமாவின் கால்கள் இரண்டடி பின்னால் வைத்து நின்றன. நின்றுவிட்டன. அவள் விட்டாள். மட்டை தாழ்ந்திருக்கும் என்று அவருக்குப் பார்க்காமலே தெரிந்தது, சரி, மிகச் சரி என்று உள்ளே எவரோ சொன்னார். அதே கணத்தில் கண்ணின் ஓரத்தில் ஒரு மஞ்சள் இறங்கியது. கோட்டின்மேல். ஓசையே இல்லை. வெள்ளை நூலின்மேல் மஞ்சள் புள்ளி, அவ்வளவு தெளிவாக அவர் ஒன்றரை ஆண்டாக எதையுமே கண்டதில்லை. பந்து ஒரு சாண் குறைவாக வந்திருக்கிறது. ஏன் குறைந்தது என்று அந்தத் திடலில் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கைகள் தாமாக எழுந்து, உள்ளங்கை மண்ணை நோக்கத் தாழ்ந்தன. உள்ளே.

"மாஸ்டர், நீங்க பாக்கவே இல்லையே" என்றாள் தஸ்லிமா. அவள் அவ்வளவு உரக்கப் பேசி எவரும் கேட்டதில்லை. மணப்பாறைப் பெண்கள் கூச்சலிடத் தொடங்கியிருந்தார்கள். மீரான் இறங்கிவந்து பந்தைப் பொறுக்கிப் புரட்டினார். மஞ்சள் கம்பளியில் பிறைபோலச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அதை அனைவருக்கும் தூக்கிக் காட்டி, திரும்பி நின்றுகொண்டே பார்க்கிறவர் எங்கள் அண்ணன் என்று சிரித்தார். முடிந்தது. சுண்ணாம்பே சாட்சி சொல்லிவிட்டது. இனி எவரும் எதையும் கேட்க மாட்டார்கள். கண்ணும் களமும் மாலைப் பயிற்சியும் ஏழு மணி அழைப்பும் அப்படியே இருக்கும். சந்தியாகு தப்பிவிட்டார். தப்பியது தெரிந்ததும் கோட்டருகே அப்படியே உட்கார்ந்தார். சற்றுத் தொலைவில் தஸ்லிமா நின்ற இடத்திலேயே குந்தியிருந்தாள். மட்டையைத் தரையில் குப்புற வைத்திருந்தாள். காலடியில் வைத்துவிட்டுப் போன இன்னொரு மட்டை அவருக்கு நினைவு வந்தது. "நீங்க சொன்ன மாதிரிதானே விட்டேன்" என்றாள், அவரிடமா மண்ணிடமா என்று தெரியாதபடி. இனி இவள் எந்தப் பந்தையும் விட மாட்டாள். எல்லாவற்றையும் துரத்துவாள். தன் கண்ணையே நம்பாத ஒருத்தியாகக் கிழவியாவாள். ஒரு சொல் போதும், நீ விட்டது சரி, பந்து நனைந்திருந்தது என்று. அந்தச் சொல்லை இழுத்தால் வியர்வை வரும். வியர்வையை இழுத்தால் பயம் வரும். பயத்தை இழுத்தால் கண் வரும். கண்ணை இழுத்தால் ஓசூர் முழுவதும் வந்துவிழும். ஒரே நூல். தக்கைவரை பிரியும். அவர் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பனியனில் வயிற்றின்மேல் மஞ்சள் வட்டம், ஓரம் கசிந்து, இன்னும் ஈரமாக. "இங்க பாரும்மா. பந்து நனைஞ்சிருந்துச்சு. நான்தான் நனைச்சேன். காஞ்ச பந்தா இருந்தா வெளியதான் போயிருக்கும், நீ விட்டது சரி." அவள் நிமிர்ந்தாள். மீரான் அருகே வந்திருந்தார். இந்தக் குளிரில் எப்படி அண்ணே வியர்த்தது என்று, அவர் எதிர்பார்த்தபடியே கேட்டார். சந்தியாகு மீரானின் தோளுக்குமேல் இருந்த வெற்று வானத்தை நோக்கினார்; நண்பரின் முகம் மெல்லக் கூடிவந்தது. "பயந்துட்டேன் மீரான். எனக்கு நேராப் பாத்தா ஒண்ணும் தெரியாது. ஒதுக்கிப் பாத்தாத்தான் தெரியும். ரொம்ப நாளாவே." இன்பரசி வந்து, பொத்தான்களைத் திரும்பப் போட்டுவிட்டாள். அவளுக்கு முன்பே தெரியும் என்பதை அந்த விரல்களின் நிதானத்தில் அவர் அறிந்துகொண்டார்.

பின்னர் நடந்தவை இவை. கோப்பை மணப்பாறைக்குப் போயிற்று. மறுஆட்டம் வைத்துக்கொள்ளலாம் என்று பவுனம்மாள் டீச்சர் சொன்னார். விழுந்தது விழுந்ததுதான் என்று சந்தியாகு மறுத்துவிட்டார். அன்று மாலை ஏழு மணி ஆகும்வரை அவர் காத்திருக்கவில்லை. ஊர் திரும்பும் வேனில் இருந்தபடியே தாமே செலினை அழைத்துச் சொன்னார். ரோஸி மறுநாள் காலையிலேயே வண்டியோடு வந்தாள், தகப்பனைத் திட்டினாள், பனியனைத் தேய்த்துத் துவைத்துப் பார்த்தாள், கறை போகவில்லை. தஸ்லிமா இரண்டு வாரம் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தாள். முதல் மாலையே தலைக்குமேல் போன ஒரு பந்தை விட்டாள் என்றும், அது வெளியேதான் விழுந்தது என்றும் இன்பரசி தொலைபேசியில் தெரிவித்தாள். மாலைப் பயிற்சியை இப்போது மீரான் நடத்துகிறார். சந்தியாகு ஓசூரில், நான்காம் மாடியில் இருக்கிறார். ஏழு மணிக்கு அங்கே எவரும் அழைப்பதில்லை. அழைக்க வேண்டியவள் அடுத்த அறையில் இருக்கிறாள். முதல் சில வாரம் அந்த நேரத்தில் அவர் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனியில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அங்கிருந்தே அவளை அழைத்தார். சமையலறையில் மணி அடித்தது. அவள் எழுந்து வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். "இன்னைக்கி யாரு ஜெயிச்சா?" என்றாள். அன்று எவரும் ஆடவில்லை. பொன்மலை என்று அவர் சொன்னார்.